பிற்பகல் மழைக்கு முன்னர் ஒரு பயணம்



வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் இலையுதிர்காலச் சுற்றுலா பற்றிப் படங்களுடன் எழுதுவார்கள். சிவந்த இலைகள், இளவெயில், கம்பளிச் சட்டையுடன் நடந்து போகிற குடும்பங்கள். அங்கே அந்தக் காலம் நடக்கும் ஒக்டோபர், நவெம்பர் மாதங்கள்தான் இங்கே நமக்கு ஐப்பசி, கார்த்திகை. சப்ரகமுவவில் அப்போது இலை உதிர்வதில்லை. வானம்தான் உதிர்கிறது. காலையில் துணி காயப்போட்டுவிட்டு மலைக்குப் போனால், மத்தியானம் அந்தத் துணியே கால்மிதியாகக் கிடக்கும். இப்படிப்பட்ட மாதங்களில் ஒரு நாள் பயணமொன்றை எவ்வாறு திட்டமிடலாம் என்பதைத்தான் இம்முறை எழுதுகிறேன்.

"இதெல்லாம் ஒரு விடயமா?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். எங்கள் பெல்மதுளைக் குழுவில் பதினாறு பெண்கள் இருக்கிறார்கள். பாதிப்பேர் பிறந்தது முதல் இங்குள்ள தோட்டங்களிலேயே இருப்பவர்கள். மற்றப் பாதிப்பேரின் குடும்பங்கள் 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்களில் இங்கிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவை. அங்கே காடு வெட்டிக் குடியேறி, 2009இல் மீண்டும் எல்லாவற்றையும் விட்டு ஓடி, செட்டிகுளம் முகாமில் இருந்து, பிறகு உறவினர்களின் லயத்துக் காம்பறாக்களைத் தேடி இங்கே வந்தவர்கள். இலங்கைப் படத்தில் அவர்கள் கால் படாத மாவட்டம் குறைவு. பூசாவுக்குப் போயிருக்கிறார்கள், கொழும்பு மகசின் சிறைச்சாலைக்குப் போயிருக்கிறார்கள், ஆணைக்குழுக்களுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார்கள். ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் பஸ் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை.

அன்றைக்கே வாரம் 50 ரூபா சேமிப்பு ஆரம்பித்தது. தையல் இயந்திரத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் உதவி செய்ய நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு நாள் சும்மா போய்வருவதற்குக் காசு கேட்டு எழுத எந்த விண்ணப்பப் படிவத்திலும் இடமில்லை. ஆகையால் இது முழுக்க அவர்களுடைய பணம். மழையால் ஒரு நாள் பாழானால் ஒரு வருடச் சேமிப்பு பாழாகும். எங்களைப் பொறுத்தவரை காலநிலை சின்ன விடயமல்ல.

முதலில் மழையைப் பற்றிக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒக்டோபர், நவெம்பர் மாதங்களில் காற்று ஒரு திசையில் உறுதியாக வீசுவதில்லை. காலையில் வெயில் நிலத்தைச் சூடாக்குகிறது. கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவருகிறது. மலைகள் அந்த ஈரத்தை மேலே தூக்கிவிடுகின்றன. தள்ளிக்கொண்டு போகக் காற்று இல்லாதபடியால் முகில் நின்ற இடத்திலேயே வளர்ந்து, மத்தியானத்துக்குப் பிறகு இடியும் மின்னலுமாகக் கொட்டுகிறது. இரவில் ஓய்ந்துவிடும். வானொலி அறிவித்தலில் "பிற்பகல் ஒரு மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று நாளுக்கு நாள் ஒரே மாதிரி வாசிப்பது சோம்பலினால் அல்ல. நிலைமை உண்மையிலேயே அப்படித்தான். ஆக, இந்த மழைக்கு ஒரு நேரசூசி இருக்கிறது. அதனோடு ஒத்துப்போகலாம்.

ஒத்துப்போக முடியாத மழை இன்னொன்று. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால், காலை மாலை என்ற பேதமில்லாமல் இரண்டு மூன்று நாட்கள் ஊற்றும். ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசெம்பர் வரை இதற்கு வாய்ப்பு அதிகம். 2025 நவெம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை எவரும் மறந்திருக்க முடியாது. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் மிகப் பலர் மண்சரிவில் போனவர்கள். வானொலியில் "தாழமுக்கம்" என்ற சொல் காதில் விழுந்தால் பயணப்பையை அவிழ்த்து வைத்துவிட வேண்டும். அதில் வாக்கெடுப்புக்கு இடமில்லை.

இந்த இரண்டு மழைக்கும் உள்ள வித்தியாசத்தை எங்களுக்கு எளிதாகச் சொல்லித் தந்தவர் றப்பர் பால் வெட்டும் ஓர் அக்கா. இரவு மழை விடியும் வரை சொட்டிக்கொண்டிருந்தால் மரப்பட்டை ஈரமாக இருக்கும், அன்று வெட்டு இல்லை. இரவு பத்து மணிக்கு முன் மழை விட்டு, விடியற்காலை பள்ளத்தில் பனிமூட்டம் படுத்திருந்தால் முன்னேரம் நல்ல வெயில். "பட்டையைத் தொட்டுப் பாத்தா போதும் மிஸ், ரேடியோ எதுக்கு?" என்றார். எங்களுக்கு ரேடியோவும் வேண்டும், பட்டையும் வேண்டும் என்று தீர்மானித்தோம்.

அடுத்தது இடம். பெல்மதுளைச் சந்தியில் பாதை இரண்டாகப் பிரிவது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஒன்று ஏ4 வீதி. பலாங்கொடை, பெலிஹுல்ஓயா வழியாக மலைக்கு ஏறுகிறது. மற்றது ஏ18. கஹவத்தை, கொடகவெல வழியாக எம்பிலிப்பிட்டியப் பக்கம் இறங்குகிறது. ஈரமான நாடும் உலர்ந்த நாடும் இந்தச் சந்தியிலிருந்துதான் பிரிகின்றன என்றே சொல்லலாம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. உடவளவையில் 1,500 அளவுதான்.

கூட்டத்தில் முதலில் வந்த யோசனை கதிர்காமம். ஒரு நாளில் போய்த் திரும்பினால் தரிசனத்தை விட வானில் தூங்குவதுதான் அதிகமாக இருக்கும் என்று அவர்களே கைவிட்டார்கள். அடுத்து சிவனொளிபாதமலை. அதன் பருவகாலம் மார்கழியில் வரும் உந்துவப் போயாவன்றுதான் ஆரம்பம். அதுவரை சமன் தெய்வத்தின் திருவுருவம் இருப்பது நம்முடைய பெல்மதுளை கல்பொத்தாவெல ரஜமகா விகாரையில். "சாமியே கீழ இறங்கி நம்ம ஊர்ல இருக்கயில நாம எதுக்கு மேல போகணும்?" என்று ஓர் அம்மா சொல்ல, அந்த யோசனையும் சிரிப்போடு முடிந்தது.

பெரும்பாலானோர் விரும்பியது பம்பரகந்த நீர்வீழ்ச்சியை. ஏ4 வீதியில் கலுபஹன என்ற இடத்திலிருந்து உள்ளே போக வேண்டும். 263 மீற்றர் உயரம், இலங்கையிலேயே மிக உயர்ந்தது. தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒக்டோபரில் அது நிறையத் தண்ணீரோடு விழும் என்பது உண்மை. ஒரு நீர்வீழ்ச்சி மிக அழகாக இருக்கும் மாதமே அது மிக ஆபத்தாக இருக்கும் மாதமும் ஆகும். நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை ஒரே நிமிடத்தில் வந்து சேரும். குளிக்கப் போய் ஒவ்வோர் ஆண்டும் உயிர்கள் போகின்றன. இவற்றோடு பாதையும் இருக்கிறது. மண்சரிவு எச்சரிக்கை அறிவித்தல்களில் இம்புல்பே, பலாங்கொடை, ஹல்துமுல்லை ஆகிய பிரிவுகளின் பெயர்கள் அடிக்கடி வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பிற்பகலில்தான் மழை, எனவே காலையில் மலைப்பாதை பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை வேளையில். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போகிற நேரம். சரிவு அன்றைய வானத்தைப் பார்த்து வருவதில்லை. முன்னைய நாட்களில் மண் குடித்த தண்ணீரின் கணக்கில் வருகிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழையைத் தாண்டினாலே மஞ்சள் எச்சரிக்கை கொடுக்கிறது. 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு. செம்மஞ்சள் என்றால் அந்தப் பக்கம் போவதில்லை என்று எங்கள் குழு கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்தோம். சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்துக் கேட்கலாம்.

குழுவில் ஒரு தங்கைக்கு ஒரு கால் இல்லை. செயற்கைக் காலுடன் நன்றாகவே நடக்கிறார், தேயிலைத் தொழிற்சாலையில் வேலையும் செய்கிறார். ஈரக் கல்லும் ஏற்றமும் மட்டும் முடியாது. "நான் வானிலேயே இருக்கிறன், நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கோ" என்றார். வானிலேயே இருப்பதற்கா வாரம் 50 ரூபா கட்டினார்? இன்னோர் அக்காவின் கணவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு எங்கே என்று தெரியாது. அவர் தொலைபேசியைக் கையை விட்டு வைப்பதில்லை. தெரியாத இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வரும் என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்கிறார். தொலைபேசி எடுக்காத இடத்துக்கு வரமாட்டேன் என்றார். "அவர் இல்லாமல் இவள் திரிப் போறாள் என்று சனம் சொல்லாதா?" என்றும் கேட்டார். முதல் கேள்விக்கு வழி இருந்தது. இரண்டாவதற்கு நான் பதில் சொல்லவில்லை. பால் வெட்டும் அக்காதான் சொன்னார்: "சனம் அரிசி வாங்கித் தரயில கேட்டுக்குவோம்."

இப்படியாகத் தெரிவானது உடவளவை. ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கொடகவெல வரை இதுவும் மலைப்பாதைதான் என்றாலும் அதன் பிறகு நிலம் விரிந்துவிடும். தொலைபேசி எடுக்கும். வானை விட்டு இறங்கிச் சில அடிகள் நடந்தால் போதும். குளக்கட்டின் மேலால் வீதி போகிறது. ஒரு பக்கம் கடல்போலத் தண்ணீர். அங்கே 1995 முதல் வனசீவராசிகள் திணைக்களம் நடத்துகிற யானைக்குட்டிப் பராமரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. தாயை இழந்த குட்டிகளைப் பால் கொடுத்து வளர்த்து, பழக்காமல் மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பார்ப்பவர்கள் தொடக்கூடாது, தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். பால் கொடுக்கும் நேரத்தை முதல் நாளே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அது தவறினால் பார்ப்பதற்கு அதிகம் இல்லை.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் விடயம். வன்னியிலிருந்து வந்த எங்கள் சகோதரிகளுக்கு மழை பயமில்லை. பொலித்தீன் கூரையின் கீழ் எத்தனையோ மழையைப் பார்த்தவர்கள். இடிதான் பயம். ஒக்டோபர் மாதம் வந்தால் மத்தியானத்திலிருந்தே முகம் மாறிவிடும். ஒருவர் இடி கேட்டதும் கதவு மூலையில் குந்திவிடுவார், பிள்ளையையும் இழுத்துக்கொள்வார். ஓடும் வானுக்குள் அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது? குழுவாக உட்கார்ந்து இதைப் பேசினோம். மின்னல் வெளிச்சம் உடனே வந்துவிடும், சத்தம் ஒரு கிலோமீற்றர் வர மூன்று செக்கன் எடுக்கும், எண்ணிப் பார்த்தால் தூரம் தெரியும் என்று விளக்கினேன். பரந்தனிலிருந்து வந்த அம்மா சொன்னார்: "ஓம் மிஸ், நாங்களும் எண்ணியிருக்கிறம். குத்துற சத்தம் கேட்டதும் எண்ணுவம். விழ முதல் பங்கருக்க போகோணும்." கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்தக் கணக்கையே பிடித்துக்கொண்டு பேசினோம். செல்லில் சத்தம் முதலில், ஆபத்து பிறகு. இடியில் அது மறுதலை. சத்தம் நம் காதுக்கு வரும்போது அந்த மின்னல் விழுந்து முடிந்துவிட்டது. காதால் கேட்ட இடி நம்மைத் தொடாத இடி. இந்த வித்தியாசத்தை அவர்கள் திரும்பத் திரும்ப ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். இதனால் பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். எண்ணுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

எண்ணிக்கை முப்பதுக்குள் வந்தால் வெளியில் நிற்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரத்தடி, வெட்டவெளி, குளக்கட்டு எதுவும் ஆகாது. கண்ணாடி ஏற்றிய வானுக்குள் இருப்பது பாதுகாப்பு, ஏனெனில் அதன் இரும்புக்கூடு மின்னலை வெளிப்புறமாகவே நிலத்துக்குக் கடத்திவிடும். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழித்தே இறங்கலாம்.

ஆகவே எங்கள் திட்டம் வழக்கமான சுற்றுலாத் திட்டத்துக்குத் தலைகீழாக அமைந்தது. காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. மத்தியானம் ஒரு மணிக்குப் பெல்மதுளையில், கூரைக்குக் கீழே. மதியச் சோற்றைக் கட்டிக்கொண்டு போகவில்லை. பயணம் வர இயலாத இரண்டு அம்மாமார் எங்கள் நிலைய மண்டபத்தில் சமைத்து வைக்க ஒத்துக்கொண்டார்கள். திரும்பி வந்து சாப்பிட்டு, பாட்டு, விளையாட்டு எல்லாம் அங்கேதான். மழை எவ்வளவு வேண்டுமானாலும் பெய்துகொள்ளட்டும். காலைக்கு ரொட்டியும் கட்டைச்சம்பலும், போத்தலில் தேத்தண்ணி. பெண்கள் பயணத்தில் மலசலகூடம் எங்கே என்பது யானை எங்கே என்பதை விட முக்கியம். அதை முதலே விசாரித்து வழியில் இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டோம்.

வான் பேசும்போது இரண்டு திகதிகளைச் சேர்த்தே பேசினோம். ஒரு ஞாயிறு, தவறினால் அடுத்த ஞாயிறு. முதல் நாள் இரவு எட்டு மணி அறிவித்தலைக் கேட்டுத் தீர்மானம், அதற்குள் சொன்னால் முற்பணம் அப்படியே அடுத்த திகதிக்குப் போகும். வான்காரர் முதலில் மறுத்தார். அந்த மாதத்தில் அவருக்கும் ஹயர்கள் தவறிப்போவது வழக்கம் என்பதால் பின்னர் ஒத்துக்கொண்டார். இப்படிப் பேசலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. தீபாவளிக்கு முந்திய வாரத்தைத் தவிர்த்தோம். அந்த வாரத்தில் முற்பணம் கையில் இருக்கும், ஆனால் அது பிள்ளைகளின் துணிக்குரிய பணம்.

இன்னோர் ஏற்பாடும் செய்தோம். யாராவது ஒருவர் "திரும்புவோம்" என்றால் வான் திரும்ப வேண்டும். காரணம் கேட்கக்கூடாது, பிறகு குத்திக்காட்டவும் கூடாது. இதற்கு எதிர்ப்பு வந்தது. ஒருவருக்காகப் பதினைந்து பேரின் காசு வீணாவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நெடுநேரப் பேச்சுக்குப் பிறகு கையுயர்த்தி நிறைவேறியது, நான்கு பேர் எதிராக.

முதல் ஞாயிறு தவறியது. சனி இரவு முழுக்கச் சொட்டியது. அடுத்த ஞாயிறு பனிமூட்டத்தோடு விடிந்தது, போனோம். பால் நேரத்தில் குட்டிகளைப் பகுதி பகுதியாகத் திறந்துவிடுகிறார்கள். ஒன்று குடித்து முடித்துவிட்டு மறுபடி வரிசையில் நுழையப் பார்த்தது, பராமரிப்பாளர் தள்ளிவிட்டார். "நிவாரணக் கியூவில நானும் இப்பிடித்தான் ரெண்டாந்தரம் நிண்டனான்" என்று பரந்தன் அம்மா சொல்ல, வன்னிச் சகோதரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இங்குள்ளவர்களுக்கு அது விளங்கவில்லை, பிறகு ஒருவர் விளக்கிச் சொன்னார். குளக்கட்டில் பதினொரு மணிக்கு வடக்கே முகில் எழும்புவதைப் பார்த்து "திரும்புவோம்" என்றது வன்னிச் சகோதரி அல்ல, பால் வெட்டும் அக்கா. எதிராகக் கையுயர்த்திய நால்வரில் அவரும் ஒருவர். படம் எடுக்க நேரம் கிடைக்கவில்லையே என்று ஓரிருவருக்குக் கோபம்தான். கஹவத்தைக்கு வரும்போது மழை பிடித்தது. வானுக்குள் சத்தமாக எண்ணினார்கள், பதினாறு, பதினேழு என்று.

வடக்கு, கிழக்கில் இருக்கும் சகோதரிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உங்களுக்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரைதான் பெருமழை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அங்கே வானம் வெறுமையாக இருக்கும், ஆனால் அப்போது எங்கள் பக்கம் வெள்ளம். மலைநாட்டைப் பார்க்க விரும்பினால் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வாருங்கள். மார்ச் இறுதியிலிருந்து எங்களுக்கு மறுபடி பிற்பகல் இடி தொடங்கிவிடும்.

எங்கள் குழுவில் பம்பரகந்த ஆசை இன்னும் விடவில்லை. மாசி மாதத்தில் பாதை காய்ந்திருக்கும், தண்ணீரும் மெலிந்திருக்கும். தண்ணீர் இல்லாத நீர்வீழ்ச்சிக்கு எதற்குக் காசு என்று ஒரு பக்கம், பாதை முக்கியமா தண்ணீர் முக்கியமா என்று மறுபக்கம், மூன்று கூட்டங்களாக வாதம் நடக்கிறது. செயற்கைக் காலுடைய தங்கை, நடைபாதை எவ்வளவு தூரம் என்று ஒருவர் நேரில் போய் அளந்து வந்த பிறகே வாக்களிப்பேன் என்கிறார். வாரம் 50 ரூபா தொடர்கிறது. கலுபஹனவிலிருந்து உள்ளே தொலைபேசி எடுக்குமா என்று பார்த்து வரும்படி வான்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.